மூன்றாம் ஓலை

எங்கள் ஊர் மாதா கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய வாசகம். அதில் என் பெயர் வந்த முதல் ஞாயிறு, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்திருந்ததை வெட்கம் என்று நினைத்துச் சிரித்தாள்.

தடை என்னவென்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த ஒருத்தியை எட்டு வருஷமாக நேசித்துக்கொண்டிருந்தேன். அவள் திருச்சியில் வேலை பார்த்தாள். நான் கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊரில். மாசம் ஒருமுறை பஸ் ஏறிப் பார்க்கப் போவேன். வீட்டில் அவளுக்குத் தோழி என்று பெயர்.

எனக்கு வேலை, கோயில் பங்குக்குச் சொந்தமான தொடக்கப்பள்ளியில். பங்குச் சாமியார்தான் அதன் தாளாளர். அப்பா இறந்த பிறகு என் வேலையை நம்பித்தான் வீடு. மாப்பிள்ளை குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். நல்ல மனிதர். தினமும் போன் செய்து, “சாப்டீங்களா டீச்சர்?” என்று கேட்பார். அந்த மரியாதை ஒவ்வொரு முறையும் குத்தியது.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நடந்துவிடுமோ என்று பயம். நின்றுவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று அதைவிடப் பெரிய பயம். பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கோர்ட்டு சொன்ன அன்று, எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், ஞானோபதேச வகுப்பில் சிறுமியாக இருந்தபோது பிடித்துக்கொண்ட நரக பயம் வேறு.

சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டு, மரத்தட்டியின் ஓட்டைகளுக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மகளே, அந்த ஆசை ஒனக்கு வந்ததுக்கு நீ பொறுப்பில்லை. ஆனா அதன்படி வாழறதைத் திருச்சபை பாவம்னுதான் சொல்லுது. நான் அதை மாத்திச் சொல்ல முடியாது.”

“அப்ப நாளைக்கு என்ன செய்வீங்க சாமி?”

“மூணாவது ஓலையை வாசிப்பேன். இங்க கேட்டதை வச்சு வெளிய நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. அது நிக்கணும்னா நீ வெளிய வந்து எங்கிட்டச் சொல்லணும்.”

அவளை விட்டுவிடுகிறேன் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. அதனால் பாவமன்னிப்புக் கிடைக்கவில்லை. ஆசீர் மட்டும் கொடுத்தார்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்தத் தட்டிக்குள் சொன்னது எந்தக் காலத்திலும் வெளியே வராது. வெளியே சொன்னால் அதைக் கேட்கப்போகிறவர் என் தாளாளர். எனக்குப் பிறகு இரண்டு பேர் போய் வந்தார்கள். பிறகு சாமியார் வெளியே வந்து, ஒவ்வொரு மின்விசிறியாக நிறுத்திக்கொண்டே என் பக்கம் வந்தார்.

“என்ன டீச்சர், இன்னும் வீட்டுக்குப் போகலையா?”

ஒன்றுமே தெரியாதவர் விசாரிக்கிற மாதிரி இருந்தது. கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வருவது அவர் கடமை என்று எனக்குத் தெரியும். “போறேன் சாமி” என்று எழுந்து போயிருக்கலாம். எழுந்தேன். போகவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். “கல்யாணம்ங்கிறது ரெண்டு பேரும் பொய் இல்லாமக் குடுக்கிற சம்மதம். இல்லாத சம்மதத்துக்கு நான் சாட்சி நிக்க மாட்டேன். ஓலை வாசிக்கலை. ஆனா ஒங்க அம்மாகிட்டயும் அந்தத் தம்பிகிட்டயும் நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஓலை வாசிக்க மாட்டீங்கல்ல?” வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“மாட்டேன்மா.” கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை.

“என் வேலை?”

அவர் எழுந்து கடைசி மின்விசிறியையும் நிறுத்தினார். வாசல்வரை கூட வந்தார்.

மறுநாள் காலை அம்மா பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கொசுவத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. யார், எத்தனை நாளாக என்று எதுவும் கேட்கவில்லை.

“சாமிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நரகத்துக்குல்லடி போயிருவ.” அம்மா என்னைத் திட்டவில்லை, பயந்துவிட்டாள். ஒரு வாரமாகக் கண்ணாடியில் நான் பார்த்த முகம் இப்போது அவளிடம் இருந்தது. பிறகு கொசுவத்தைச் செருகிக்கொண்டு சொன்னாள்: “கெளம்பு. போகலைன்னா பேசுவாக.”

பூசையில் வேறொரு ஜோடியின் ஓலையை மட்டும் வாசித்துவிட்டுச் சாமியார் காகிதத்தை மடித்தார். தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. “பேரை விட்டுட்டாரோ?” என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். நற்கருணை அப்பமான நன்மை வாங்க எல்லோரும் எழுந்தபோது, பாவமன்னிப்புக் கிடைக்காத நான் உட்கார்ந்தே இருந்தேன். அம்மா எழுந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மத்தியானம் மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னேன். “ரெண்டு ஓலை வாசிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டேன். “எங்க வீட்ல நான் என்ன சொல்றது?” என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். லீவு முடிந்து குவைத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். யாரிடம் என்ன சொன்னாரென்று தெரியாது.

அடுத்த கோடையில் சாமியாருக்கு மாற்றல் வந்தது. அதுவரை வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது இருப்பவர் புதியவர். ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினால், பழைய சாமியார் சொல்லிவிட்டாரோ என்று போய்ச் சேருவதற்குள் நூறு முறை கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன கையெழுத்தாக இருக்கும். அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. திருச்சிக்காரியைப் பற்றியும் கேட்பதில்லை. திருச்சியிலிருந்து அவள் போன் செய்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: “அங்க யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?” இதுவரை இல்லை என்கிறேன்.