பக்கத்தின் மேல் நான்கு விரற்கடை

இடது உள்ளங்கையால் எண்களை மூடிக்கொண்டுதான் யான்னி வாஸிங்க் கணக்கறிக்கை படிப்பாள். அவளுக்கு வேண்டியது பக்கத்தின் மேல் நான்கு விரற்கடை மட்டும். நிறுவனத்தின் பெயர், காலாண்டு முடிந்த தேதி, தொகை முழு யூரோவிலா ஆயிரம் யூரோவிலா, அறிக்கை வரைவா இறுதியா. உதடு அசையப் படித்துவிட்டு, சரியாக இருந்தால் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அடுத்த பக்கத்தை எடுப்பாள். லாபமா நட்டமா என்று யாராவது கேட்டுவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

"அதைப் பாக்கத்தான் மாடி முழுக்க ஆள் இருக்கே. தலையை யாரு பாக்குறா?"

நெதர்லாந்தின் டெவென்டர் நகரில், பதின்மூன்று நிறுவனங்களை வைத்திருக்கும் குழுமத்தின் தலைமை அலுவலகம்; அதன் இரண்டாம் மாடியில், சைக்கிள் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம் அவள் மேசை. வயது அறுபத்தைந்து. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம். கண்ணாடி கயிற்றில் தொங்கும். மத்தியானம் தகர டப்பாவைத் திறந்து, சீஸ் வைத்த ரொட்டியைக் கத்தியாலும் முள்ளாலும் வெட்டிச் சாப்பிடுவாள். பக்கத்து மேசைக்காரி சூப் குடித்துக்கொண்டே ஊர்வம்பு பேசுவாள். யான்னி தலையாட்டுவாள், காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

தலைப்பைப் படிக்கிற இந்த நோய் அலுவலக வாசலோடு நிற்பதில்லை. நீச்சல் குளத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணை போன வருடத்தது என்று கண்டுபிடித்து, அதைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டுபோய், சொட்டச் சொட்ட நின்றபடி கவுண்டரில் நீட்டியவள் அவள். மைத்துனரின் இறுதிச் சடங்கு அழைப்பில் கிழமையும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்று துக்க வீட்டிலிருந்தே அச்சகத்துக்கு ஃபோன் போட்டு, அக்காவின் முறைப்பை வாங்கிக்கொண்டாள். அந்த ஃபோன் மட்டும் இல்லையென்றால் பாதி உறவினர்கள் அடக்கம் முடிந்த மறுநாள் வந்து நின்றிருப்பார்கள். அதற்காக அக்கா நன்றி சொல்லவில்லை என்ற குறை அவளுக்கு இன்னும் உண்டு.

அலுவலகத்து அறிக்கைகளின் தலைப்பு அவள் கட்டியது. அதில் எழுத்துகளே கிடையாது. எழுத்து வந்து உட்கார இடங்கள்தான் உண்டு. சதுர அடைப்புக்குள் நிறுவனப் பெயருக்கு ஓர் இடம், தேதிக்கு ஓர் இடம், நாணயத்துக்கு ஓர் இடம். யான்னி அவற்றைக் கொக்கி என்பாள். பட்டியல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதில் ஓரிடத்தில் மாற்றினால் போதும், பதின்மூன்று நிறுவனங்களின் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களிலும் கொக்கிகள் புதியதை இழுத்துத் தங்கள் இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒன்பது வருடத்துக்கு முன் பக்கத்து மேசைக்காரி ஓர் அவசரத்தில் கொக்கியை அழித்துவிட்டுத் தேதியைக் கையால் அடித்துவிட்டாள். அடுத்த மூன்று காலாண்டும் அந்த ஒரு பக்கம் மட்டும் மார்ச் 31 என்றே சாதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வங்கிக்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து யான்னி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வது ஒன்றுதான்.

"பட்டியல்ல என்ன வேணா பண்ணுங்க. தலையில கை வைக்காதீங்க."

அன்று ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை. யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த ஆப்பிள் டார்ட் ஒரு துண்டு மேசையில் இருந்தது. பகல் பன்னிரண்டுக்குக் காலாண்டு அறிக்கை தானே கிளம்பும்: பதின்மூன்று மேலாளர்களுக்கும் அவரவர் பக்கங்கள், வங்கிக்கு மொத்தமும். பத்தேகாலுக்கு யான்னி உள்ளங்கையை விரித்து ஆல்டென் பக்கத்தை எடுத்தாள். ஆல்டெனில் மாட்டுக் கொட்டில்களுக்குத் தடுப்பும் கதவும் செய்கிறார்கள்; நூற்றி நாற்பது பேர். பெயர் சரி. தேதி சரி. அதற்குக் கீழே, எந்தப் பக்கத்திலும் அவள் இதுவரை பார்த்திராத மூன்றாவது வரி ஒன்று இருந்தது.

விற்பனைக்காக ஒதுக்கப்பட்ட நிறுவனம்.

அந்தக் கொக்கியையும் அவள்தான் போட்டாள். ஆறு வருடத்துக்கு முன் தணிக்கையாளர் கேட்டார் என்று போட்டது. விற்க முடிவான நிறுவனம் என்று பட்டியலில் குறித்தால் மட்டுமே அது பேசும்; மற்ற நேரத்தில் வெற்றிடம். ஆறு வருடமாக அது பேசியதே இல்லை. யாரோ கைதவறித் தட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பட்டியலைத் திறந்து பார்த்தாள். நேற்று மாலை நாலு நாற்பதுக்கு நிதி இயக்குநர் டீடெரிக் குறித்திருந்தான். அவனுக்குக் கைதவறுகிற பழக்கம் இல்லை.

பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

"ஆல்டென் பக்கத்துல மூணாவதா ஒரு வரி வந்திருக்கு. நீ மாத்துனதா?"

டீடெரிக் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். நாற்பத்தொரு வயது, நல்ல உயரம், நல்ல சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாதவன்.

"அது தலைப்புலயா வரும்?"

"அதுக்குத்தானே அதைப் போட்டோம்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "வங்கிக்குத் தெரிஞ்சாகணும், யான்னி. இந்தக் குறியோட அறிக்கை இன்னிக்குப் போகலன்னா திங்கக்கிழமை வாங்குறவன் கையெழுத்துப் போட மாட்டான். ஆனா ஆல்டெனுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்குத் தெரியக்கூடாது."

"தொழிலாளர் குழுவைக் கேட்டாச்சா?"

"கேப்போம்."

"கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும். முடிவு பண்ணிட்டுக் கேக்கறதுக்குப் பேரு கேக்கறது இல்ல."

"சட்டம் எனக்கும் தெரியும்." அவன் பக்கத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தான். "பென்னிக்குப் போற பிரதியில மட்டும் அந்தக் கொக்கியை எடுத்துட்டு, பேரையும் தேதியையும் கையால அடிச்சிடு. ரெண்டு நிமிஷ வேலை."

பென்னி ஆல்டென் தொழிற்சாலையின் மேலாளர்.

"வங்கிக்கு ஒரு தலை, பென்னிக்கு ஒரு தலையா?"

"ஒரே ஒரு வரி, யான்னி."

"சரி. இப்ப சொன்னதை அப்படியே எழுதி அனுப்பு. உன் பேரைப் போட்டு."

டீடெரிக் ஜன்னல் பக்கம் பார்த்தான். "எழுத வேண்டாம்னுதானே நேர்ல சொல்றேன்." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னான்: "உனக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. நிம்மதியா முடிச்சிட்டுப் போயேன்."

அவன் அதைக் கத்திச் சொல்லியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். நயமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. தன் மேசைக்கு வந்து உட்கார்ந்து பென்னியின் பிரதியைத் திறந்தாள். அந்த மூன்றாவது வரியின் முடிவில் கர்சர் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு விசை. ஒன்பது வருடமாக ஊருக்கு உபதேசம் செய்தவள் இப்போது விரலை அந்த விசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்துவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? தலையை யார் பார்க்கிறார்கள்?

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஃபோன் அடித்தது. பென்னி.

"ஏய் தலைப்புக்காரி. இந்தத் தடவையாவது எங்க பேரை ஒழுங்காப் போட்டியா?"

"என்னிக்குத் தப்பா போட்டேன்? என்ன விஷயம், சொல்லு."

"பக்கம் பன்னெண்டுக்கு வந்துரும்ல? ஒரு மணிக்கு எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருக்கேன். ஃபாக்டரியை விக்கப் போறாங்கன்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான். வெல்டிங்ல நாலு பேர் வேற வேலை தேட ஆரம்பிச்சுட்டானுங்க. நேத்து டீடெரிக்கைக் கேட்டேன், அதெல்லாம் ஒண்ணுமில்லன்னான். உன் பக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு, இந்தா பாருங்கடா, எல்லாம் பழையபடிதான்னு சொல்லப் போறேன். நான் சொன்னா நம்புவானுங்க. இருபத்தாறு வருஷமா நம்புறானுங்க."

யான்னி திரையில் இன்னும் அழியாமல் நின்ற மூன்றாவது வரியைப் பார்த்தாள்.

"யான்னி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். பக்கம் கைக்கு வந்தப்புறம் பேசு, பென்னி. அதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாதே."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"மேலேருந்து படி."

"நீ எப்பவும் இதைத்தான் சொல்வே," என்று சிரித்துவிட்டு வைத்தான்.

இந்த முறை அவள் டீடெரிக்கின் அறைக் கதவைச் சாத்தவில்லை. நின்றபடியே பேசினாள்.

"ஒரு மணிக்கு பென்னி நூத்தி நாப்பது பேர் முன்னாடி நின்னு பொய் சொல்லப் போறான். பொய்னு அவனுக்கே தெரியாது. கூப்பிட்டு நீயே சொல்லிடு. இன்னும் நேரம் இருக்கு."

"வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப பட்டியல்ல எடுத்துடு. நீ வச்ச குறிதானே?"

"எடுத்தா வங்கி நின்னுடும். சொன்னேன்ல?" அவன் குரலைத் தாழ்த்தினான். "பென்னிக்கு மட்டும் அனுப்பாம விட்டுடலாம்."

"பன்னெண்டு பேருக்கு வந்து அவனுக்கு மட்டும் வரலன்னா அவன் என்ன மடையனா? ஃபோன் போட்டு என்னைத்தான் கேப்பான். என்னால அவன்கிட்டப் பொய் சொல்ல முடியாது, டீடெரிக். தலையில கை வைக்கவும் மாட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறவன், பரிமாறுகிற கை மட்டும் தன்னுடையதாக இருக்கக்கூடாது என்கிறான். டீடெரிக் கெட்டவன் இல்லை. அந்தக் கையெழுத்தைத் தூங்காமல்தான் போட்டிருப்பான். ஆனால் அன்று அவனைப் பார்க்க யான்னிக்கு இரக்கம் வரவில்லை.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு அவனே அவள் மேசைக்கு வந்தான். பக்கத்து மேசைக்காரி கரண்டியைச் சூப்பில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் யான்னியின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அந்த வரியை எடு," என்றான்.

"எழுதிக் குடு."

அவன் சட்டைப்பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தான். பெருவிரல் திரைமேல் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு சொல்லும் அடிக்காமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான். நகரவும் இல்லை.

ஐம்பத்தெட்டு. யான்னி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் விசைப்பலகையின் ஓரத்தில் இருந்தன. அவற்றை எடுத்துத் தொடைகளுக்கு அடியில் செருகி, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். பயத்தில் கை தானாகப் போய் அந்த விசையை அழுத்திவிடுமோ என்று அவளுக்கே சந்தேகம். ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் நடந்துவிடக்கூடிய காரியம் அது. ஐம்பத்தொன்பது. டீடெரிக்கின் மூச்சு காதருகில் கேட்டது.

பன்னிரண்டு. திரையில் நிறுவனங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அகர வரிசையில் ஆல்டென்தான் முதல். அது போய்விட்டது. கடைசியாக வங்கியும் பச்சையாயிற்று. மாடியில் மற்றவர்கள் ரொட்டி டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

ஆறு நிமிடம் அவள் எழுந்திருக்கவில்லை, அவனும் போகவில்லை. பிறகு மேசைமேல் ஃபோன் அடித்தது. சின்னத் திரையில் ஆல்டெனின் எண். இரண்டாம் மணி, மூன்றாம் மணி. டீடெரிக் அவளைப் பார்த்தான்.

யான்னி வலது கையை வெளியே எடுத்தாள். புறங்கை முழுக்க நாற்காலித் துணியின் நெசவு சிவப்பாகப் பதிந்திருந்தது. ரிசீவரை எடுத்து, தன் காதில் வைக்காமல், கையை எட்டும் மட்டும் நீட்டி அவனிடம் கொடுத்தாள்.