குடை ஊன்றி வந்தவர்

யுத்தம் முடிந்த வருஷம், ஆத்தூரில் எங்கள் சேவா சங்கம் நடத்திய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்ட ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் நன்கொடை கேட்டிருந்தோம். பார்வையிட ஆள் வருவதாகச் சொன்ன நாளில் ஒல்லியான ஒருவர் வந்தார். கொளுத்தும் வெயிலிலும் குடையை விரிக்காமல் ஊன்றியே நடந்தார். ஆஸ்பத்திரியை ஏறிட்டும் பார்க்காமல், தொலைவில் கடலோரம் இருந்த மீனவர் ஊரான ஆலந்தலைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "பிரசவத்துக்கு ஆத்தூருக்கா போவீங்க?" என்று கேட்டார்.

"அம்புட்டுத் தூரம் எப்படிய்யா போவ? எம் மவ வழியில வண்டியிலேயே செத்துட்டா."

அவர் என்னைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கட்டடத்தை விட்டுவிட்டு, ஆலந்தலையிலேயே தங்க ஒரு நர்ஸ் வேண்டுமென்று மறுபடி எழுதினோம்.

நன்கொடை வந்தது. நர்ஸும் வந்தார். ஆனால் ஸ்தாபனத்தின் கடிதத்தில், பார்வையிட ஆள் அனுப்ப முடியாமற்போனதற்கு வருந்துவதாக எழுதியிருந்தது.

அப்படியானால் அன்று வந்தவர் யார்? நான் பெயர்கூடக் கேட்கவில்லை.