டேங்குக்குள் மூன்று நாள் இருந்த கில்சொப்

ப்யோ கில்சொப் என்கிற பெயரை நான் முதலில் கேட்டது, கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸ் ஊறப்போட்ட ஒரு நாளில். என் அக்காவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, மல்சுன் ஒருத்திதான். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருந்தோம். என் ஓரகத்தியின் தம்பி பக்கத்துத் தொழில் நகரமான ஓன்சானில் வெல்டிங் வேலை பார்த்தான். அவன் கூட்டாளிதான் கில்சொப். அண்ணன் தம்பி நாலு பேரில் மூன்றாமவர். தாய் இல்லை. தகப்பன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கம் போய்விட்டார்.

“ஆளு எப்படிடா?” என்று அக்கா அவனைக் கேட்டாள்.

“எலி மாதிரி இருப்பான்க்கா. எந்தப் பொந்துல விட்டாலும் போயிட்டு வந்துருவான்.”

“எதுத்துப் பேசுவானா?”

“பேசவே மாட்டான்.”

அக்கா கையிலிருந்த மிளகாய் விழுதைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். கல்யாணம் அந்தக் குளிர்காலத்திலேயே முடிந்தது.

நான் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே கேன்டீனில் சமையல் பார்த்தேன். அதனால் மற்ற வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். காகிதத்தில் அழுத்தக் கலன் என்று எழுதுவார்கள், நாங்கள் டேங்க் என்போம். எண்ணெய் ஆலைக்கும் உர ஆலைக்கும் போவது. உள்ளே அடைபடுகிற வாயு வெளியே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். அதை வருஷக்கணக்கில் விடாமல் பிடித்துவைப்பதுதான் டேங்கின் வேலை. இரண்டு விரல் கனமுள்ள இரும்புத் தகட்டை மூன்று உருளைகளுக்கு நடுவில் விட்டுச் சுருட்டிக் குழாயாக்குவார்கள். சேரும் இடத்தைச் சூடுபடுத்தி வெல்டிங் வைப்பார்கள், அந்தக் கோட்டைத் தையல் என்போம். பிறகு இரண்டு முனைக்கும் கவிழ்த்த சட்டி போல ஒரு மூடி. ஆஸ்பத்திரியில் எலும்பை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு தையலையும் படம் எடுப்பார்கள். அப்புறம் முழு டேங்கையும் உலையில் வைத்து ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, அது தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு அழுத்திப் பார்ப்பார்கள். யார் வைத்த தையலோ அவர் நம்பரைப் பக்கத்திலேயே இரும்பில் அடித்துவைப்பார்கள். கில்சொப்பின் நம்பர் பதினேழு.

கடைசி மூடியை வைக்கும்போது ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். உள்பக்கத் தையலை அவர்தான் வைப்பார். வெளியே இருப்பவர்கள் பின்னாலிருந்து சுரண்டி மீதியை நிரப்புவார்கள். வேலை முடிந்ததும் உள்ளே இருப்பவர் ஆள் நுழையும் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடுவார். கல்யாணமான புதிதில் கில்சொப்பை விட்டால் அதற்கு வேறு ஆள் கிடையாது.

அப்புறம் பெரிய கோபுர டேங்குகள் வந்தன. அவற்றின் ஓட்டையில் குனிந்தே போகலாம். ஐந்தாறு வருஷம் அவர் அதில்தான் இருந்தார். அந்த வருஷங்களில் மத்தியானம் என் சாப்பாடு, ராத்திரி அக்கா சாப்பாடு. அக்கா எலும்புக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பாள். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வடக்கே போஹாங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவரைத் தலைமை வெல்டராகக் கூப்பிட்டார்கள். “அங்க போய் என்ன செய்யப் போறே?” என்றாள் அக்கா. அவர் சரி என்று தலையாட்டினார். போகவில்லை.

மல்சுன் மட்டும் என்னிடம் சொன்னாள்: “சித்தி, கூப்பிட்ட கடுதாசியை அவரு இன்னும் சட்டைப் பையிலயே வெச்சிருக்காரு.”

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம், ஜனவரி. சின்ன டேங்க் ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. உள்ளே இறங்குகிற பையனுக்குக் காய்ச்சல். தாக் என்கிற போர்மேன் கில்சொப்பைக் கூப்பிட்டார். அவரும் பழைய பழக்கத்தில் திறந்த பக்கமாக உள்ளே போய்விட்டார். மூடி வந்தது, வெல்டிங் நடந்தது. சாயங்காலம் சங்கு ஊதியதும் ஓட்டைக்கு வந்தார். அது நாற்பது சென்டிமீட்டர் ஓட்டை. ஒரு கை வந்தது, தலை வந்தது, தோள் வந்தது. வயிறு வரவில்லை.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். “அண்ணே, மூச்சை விடுங்க, மொத்தமா விட்டுருங்க!” என்று இழுத்தார்கள். என் கேன்டீனிலிருந்து சோயா எண்ணெய் டின்னையே கொண்டுபோய் ஊற்றினேன். இழுக்க இழுக்க இடுப்புத் தோல் உரிந்து வீங்கியது. அவரைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

“மூடியை வெட்டிருங்க போர்மேன்,” என்று யாரோ சொன்னார்கள்.

“வாயை மூடுறா,” என்றார் தாக். “வெட்டினா வாங்குறவனுக்கு எழுதிக் குடுக்கணும். எதுக்கு வெட்டினேன்னு கேட்பான். ஆள் கொழுத்துப் போயிட்டான்னு எழுதவா? வியாழக்கிழமை அவனோட மேற்பார்வைக்காரன் வர்றான்.” பிறகு ஓட்டையில் வாயை வைத்தார். “ப்யோ! ரெண்டு நாள் பட்டினி கிட. இளைச்சா தானா வந்துருவே.”

உள்ளேயிருந்து, “சரி,” என்று கேட்டது.

காற்றுக் குழாய் விட்டார்கள். போர்வை, விளக்கு, ஒரு வாளி. உப்புப் போட்ட வெந்நீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஓன்சான் ஜனவரியில் இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். அவரால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சாய்ந்தால் எல்லாப் பக்கமும் வளைவு.

மறுநாள் மல்சுன் வந்தாள். ஓட்டைப் பக்கம் உட்கார்ந்து முகத்தை உள்ளே நீட்டினாள்.

“குளிருதா?”

“பரவால்ல.”

“பரவால்லைனு சொல்றதுக்குன்னே பொறந்தீங்களா? வெட்டச் சொல்லுங்களேன்!”

“என் தையலு, மல்சுன். நல்லா வந்திருக்கு.”

“தையலைக் கட்டிக்கிட்டே கெடங்க,” என்று அழுதாள்.

மத்தியானம் என் அக்காவும் வந்தாள். தாக் அவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். வெட்டினால் மாப்பிள்ளைக்கு இங்கே வேலை இருக்காது, நம்பரும் போய்விடும் என்றார். அக்கா டேங்கைக் கையால் தட்டிப் பார்த்தாள், பூசணிக்காய் வாங்குகிற மாதிரி.

“இருக்கட்டும். எம் மருமகன் பொறுமைசாலி. இன்னும் நாலு நாள்னாலும் இருப்பாரு. என்ன மாப்ளே?”

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அத்தனை வருஷமும் அவருக்குப் பதிலாக நாங்கள்தான் பேசியிருக்கிறோம்.

மூன்றாம் நாள் காலையில், மல்சுனும் அக்காவும் வந்து நிற்க, மறுபடி முயன்றார்கள். வீக்கம் வற்றவில்லை, வயிறு அங்கேயே நின்றது. “இன்னும் ரெண்டு நாள்,” என்றார் தாக். நான் வெந்நீர்க் குவளையை நீட்டினேன். அதை வாங்கிய கை என் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தது.

“சின்னத்தை, போஹாங் எவ்ளோ தூரம்?”

“பஸ்ல ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

“அவ்ளோதானா,” என்றார்.

சற்று நேரத்தில் போர்மேனைக் கூப்பிட்டார். தையலில் ஓரிடத்தில் துளை தெரிகிறது, நோண்டி மறுபடி நிரப்ப வேண்டும், கரிக்குச்சியும் முகமூடியும் வேண்டும் என்றார். தாக்குக்குச் சந்தோஷம். “பாத்தீங்களா, அந்த நெலமையிலும் வேலையை விடல!” என்று ஒரு கட்டுக் குச்சியை உள்ளே கொடுத்து, புகையை இழுக்கிற விசிறியையும் போடச் சொன்னார். கரிக்குச்சி இரும்பை உருக்கும், கூடவே வருகிற காற்று அதை ஊதித் தள்ளும். வெல்டிங் வைத்ததை எடுக்கிற சாமான் அது.

உள்ளே இடி மாதிரி சத்தம் கிளம்பியது. ஒரு இடம் என்றால் ஐந்து நிமிஷத்தில் நிற்க வேண்டும், நிற்கவில்லை. வெளியே தையல் மேல் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது, ஒரு முழம், இரண்டு முழம்.

“அடேய்! அறுக்கிறான்டா! மெஷினை நிறுத்து!” என்று தாக் கத்தினார்.

கரிக்குச்சிக்குக் கரண்ட் கொடுக்கிற மெஷின் பெட்டி மேல், சுவிட்சை மறைத்துக்கொண்டு மல்சுன் ஏறி உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினாள் என்று எனக்குத் தெரியாது.

“எறங்குடி!”

“எறக்குங்க பாப்போம். இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல எவன் கை வைக்கிறான்னு பாக்குறேன்.”

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். கையில் கேன்டீன் கரண்டி இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் சொல்ல முடியாது. மேல்பாதி அறுந்துவிட்டது. முழுக்க அறுந்தால் மூடி கழன்று ஆள் மேலேயே சரியலாம். அது தாக்குக்குத்தான் முதலில் உறைத்தது. பாவம், குரல் உடைந்துபோய், “கிரேனைக் கொண்டாங்கடா! மூடியைப் புடிங்க! ஆளு செத்துருவான்!” என்று கத்தினார். கிரேன் வந்து மூடியைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஒருவரும் தடுக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மூடி ஒரு சாண் விலகியது, பிறகு இரண்டு சாண்.

கில்சொப் தவழ்ந்து வந்தார். கண்ணைத் தவிர எல்லாம் கரி. நிமிரப் பார்த்தார், முதுகு நிமிரவில்லை. அப்படியே குனிந்தபடி, “மல்சுன், துணியை எடுத்து வை. போஹாங் போறோம்,” என்றார்.

“யாரைக் கேட்டு?” என்றாள் அக்கா.

“யாரையும் கேக்கல அத்தை.”

அக்காவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரமே போய்விட்டார்கள். டேங்கின் விளிம்புகளைத் திரும்பச் சீவி, காய்ச்சல் விட்ட பையனை இறக்கி மூடியைச் சேர்த்தார்கள். படம், உலை, தண்ணீர் எல்லாம் தேறி, பத்தொன்பது நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதில் பதினேழாம் நம்பர் இல்லை. தாக்கை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அக்கா எட்டு வருஷம் மகளோடு பேசவில்லை. பேசிய பிறகும் போஹாங்குக்கு ஒருநாளும் போகவில்லை. அக்கா இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர் கில்சொப்தான்.

இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. போஹாங்கில், மீன் சந்தைக்குப் பின்னால் இரண்டாம் மாடி வீட்டில் மல்சுனோடு இருக்கிறார்.