இரண்டு உத்தரவுகள்

சானிட்டரி இன்ஸ்பெக்டர் அன்று உச்சி வெயிலில் டிஸ்பென்சரிக்குள் வந்து, தலையிலிருந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கமாக எனக்கு எதிரே இருக்கும் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்வார். “கம்பவுண்டரே, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. கோயில் பண்ற தப்பு பெருசா, சர்க்கார் பண்ற தப்பு பெருசா?” என்றார். நான் சிரித்துவிட்டேன். அதே கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருஷமாக வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. தர்மபுரியெல்லாம் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. பென்னாகரம் போகும் சாலையோரம் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் டிஸ்பென்சரி. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், மற்ற நாட்களில் நான்தான் எல்லாம். இன்ஸ்பெக்டருக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பதுக்குள். அவருக்குக் கோயில் என்றால் ஆகாது. இளம் வயதில் விதவையான அவருடைய அக்காவை மடத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டுச் சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்குச் சர்க்கார் என்றால் ஆகாது. சுதந்திர ஊர்வலத்தில் போன என் தம்பியின் முழங்காலைப் போலீஸ் தடி பிளந்திருந்தது. அவன் அதன்பிறகு நேராக நடக்கவே இல்லை. சர்க்கார் சம்பளத்தை வாங்கிக்கொண்டே இருவரும் இதைப் பேசினோம் என்பது வேறு விஷயம். எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் எங்கள் வாதம் சுழன்றது. எத்தனை காலமாக நடக்கிறது என்று பார்ப்பதா, எத்தனை பேர் அழிந்தார்கள் என்று பார்ப்பதா? “சர்க்கார் அடிச்சா ஒடம்புதான் வலிக்கும். கோயில் அடிச்சா, நாம அடி வாங்கத் தகுந்தவங்கதான்னு நம்மளயே நம்ப வெச்சிரும்” என்பார் அவர். “கோயில வுட்டு வெலகிப் போக ஒரு வழி இருக்குதுங்க. சர்க்கார வுட்டு எங்க போறது?” என்பேன் நான். ஒருவர் மற்றவரை மடக்கிவிட்டால் அன்றைக்குக் காப்பிச் செலவு தோற்றவருடையது.

அன்று அவர் சொன்னது இதுதான். எங்களுக்கு மூன்று மைல் தள்ளியிருந்த கிராமத்தில் காலரா கண்டிருந்தது. அங்கே அம்மன் கோயிலை ஒட்டி ஒரு நல்ல கிணறு. சேரிக்காரர்கள் அதில் இறங்கக் கூடாது. வெளியே குடத்தை வைத்துவிட்டு நின்றால் ஊர்ப் பெண்கள் யாராவது ஊற்றுவார்கள். காலரா வந்ததும் தர்மகர்த்தா அம்மன் முன்னால் பூப் போட்டுப் பார்த்தார். சிவப்புப் பூ வந்தது. அம்மன் கோபமாக இருக்கிறாள், சேரிக் குடம் கிணற்றுப் பக்கமே வரக்கூடாது என்று முடிவாயிற்று. சேரிக்காரர்கள் தங்கள் குட்டைக்குப் போனார்கள். நோயே அந்தக் குட்டைத் தண்ணீரில்தான் இருந்தது. அதை மூடச் சொல்லி மேலேயிருந்து காகிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் முள் வெட்டிப் போட்டுக் குட்டையை அடைத்து, கான்ஸ்டபிள் ஒருவரையும் நிறுத்திவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, சேரியில் நோயாய்க் கிடந்த ஒரு மனிதர் இறந்து போயிருந்தார். காலராக்காரனுக்கு வேண்டியது தண்ணீர்தான். குட்டைக்குப் போன அவருடைய மனைவியைக் கான்ஸ்டபிள் விரட்ட, குடம் உடைந்து போனது.

“கோயிலு கெணத்த மூடுச்சு. நான் குட்டைய மூடினேன். எது அவரக் கொன்னுச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

பழக்க தோஷத்தில் நான் அவருக்காக வாதாடினேன். குட்டையை மூடியது நோயைத் தடுக்க, கிணற்றை மூடியது தீட்டுக்காக, இரண்டும் ஒன்றா என்றேன். “அவங்களும் ஊரக் காப்பாத்தறதாத்தான் நெனச்சாங்க” என்றார். சர்க்காருக்காக நானும் கோயிலுக்காக அவரும் பேசிக்கொண்டிருந்ததை இருவருமே அப்போது உணரவில்லை.

மறுநாள் காலை இருவரும் சைக்கிளில் அந்தச் சேரிக்குப் போனோம். இறந்தவருடைய மனைவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “உனக்கு யாரு மேலம்மா கோவம்?” என்றார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “தர்மகர்த்தா வூட்டுக்குப் போயிக் கேட்டனுங்க. அம்மன் உத்தரவுன்னாரு. குட்டையில போலீசுகாரருகிட்டக் கேட்டனுங்க. அவரும் உத்தரவுன்னாரு. ரெண்டு பேருத்துக்கும் உத்தரவு இருந்துதுங்க. எங்கூட்டுக்காரருக்குத்தான் தண்ணி இல்ல.” பிறகு கேட்டாள்: “இப்பவும் ரெண்டும் மூடித்தானுங்க கெடக்குது. நாங்க எந்தத் தண்ணிய எடுக்கறது?”

இன்ஸ்பெக்டர் அவளுடைய புதுக் குடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கோயில் கிணற்றுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். தர்மகர்த்தா ஓடிவந்தார். “நீங்க மொண்டுக்கலாம் சாமி, அந்தக் கொடத்துல வேணாங்க” என்றார். “அப்ப உங்கூட்டுக் கொடத்தக் குடுங்க. நான் தூக்கிட்டுப் போறேன்” என்றார் இவர்.  தர்மகர்த்தா போய்த் தம் வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேரிக்குப் போன குடம் தம் வீட்டுக்குத் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். பெரும்பாடுபட்டு ஒரு வண்டியில் தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஏற்பாடு செய்யும்வரை, நான்கு நாள், இன்ஸ்பெக்டரும் நானும் அந்தக் குடத்தில்தான் தண்ணீர் சுமந்தோம்.

அதன்பிறகு அவர் மேலே ஓர் அறிக்கை எழுதினார். மாற்றுத் தண்ணீருக்கு வழி செய்யாமல் குட்டையை மூடியதால் ஒருவர் இறந்தார், மூடியவன் நான் என்று தம் பெயரைப் போட்டே எழுதினார். பதிலாக வந்தது பொம்மிடிக்கு அப்பால் ஒரு மாற்றல் உத்தரவு. அறிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரயிலேற்றிவிடப் போனபோது பிளாட்பாரத்தில் நின்று அவர் சொன்னார்: “கோயில்ல எழுதிப் போட ஒரு காகிதம் இல்ல. ஆனா தர்மகர்த்தா மூஞ்சி இருந்துச்சு, அதப் பாத்துக் கேக்க முடிஞ்சுது. நம்மகிட்டக் காகிதம் இருக்கு, மூஞ்சி இல்ல. இதுல எது மேல்னு இன்னும் எனக்குத் தெரியல கம்பவுண்டரே.” அதன்பின் நாங்கள் சந்திக்கவில்லை.

இப்போது சர்க்கார் மாறிவிட்டது. கோயில் கதவுகளும் திறந்துவிட்டன என்கிறார்கள். எது அதிகம் கெடுத்தது என்று படித்தவர்கள் மேடையில் பேசுவதைக் கேட்கும்போது, எனக்கு இன்னமும் ஆர்வம் எழுகிறது. காலத்தை வைத்துப் பார்க்கிறார்களா, உயிர்களை வைத்துப் பார்க்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். ஆனால் இன்ஸ்பெக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. குட்டையை அடைத்த அன்று சாயங்காலமே சேரியிலிருந்து இரண்டு பேர் டிஸ்பென்சரிக்கு வந்திருந்தார்கள். கிணறும் இல்லை, குட்டையும் இல்லை என்று என்னிடம்தான் முதலில் சொன்னார்கள். நான் தலையை நிமிர்த்தாமல் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, “நல்லாக் காய்ச்சி ஆறின தண்ணியில கலக்கிக் குடுங்க” என்றேன். அவர்கள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஒருவர் “சரிங்க” என்றார். இருவரும் போய்விட்டார்கள்.