இரண்டு சீட்டுக் காரில் பிறந்த வீட்டுக் கோடி

எனக்கு உட்கார்ந்திருக்க வராது. ராமேஸ்வரம் போகிற வழியில், மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். மீன்பிடி போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றி அனுப்பும் வேலை காலையிலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் மிச்சப் பொழுதை என்ன செய்வது? ராமநாதபுரம் வீட்டில் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். டீ குடிக்க உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். “இவன் கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பெறந்தவன்” என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். சக்கரம்தானே, வாங்கிவிட்டால் போயிற்று என்று கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, கையால் போடுகிற கியர்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். “வீட்ல இத்தன பேரு இருக்கோம், ரெண்டு பேரு போறதுக்கு ஒரு காரா? அதுவும் செருப்பு மாதிரி தரையோட தரையாக் கெடக்கு. நான் இதுல ஏற மாட்டேன், பாத்துக்க.” சொன்னபடியே ஏறவில்லை. நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் கிடக்கிற ஊரில், உப்புக்காற்றில் துருப்பிடிக்குமே என்று நான் தினம் அதைக் குளிப்பாட்டியதில் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அந்தக் காருக்கும் கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் எஞ்சின் சூடாகிறவரை இரண்டாவது கியர் விழாது. கெஞ்சினாலும் விழாது, திட்டினாலும் விழாது. வேகத்தடையைக் கண்டால் வயிறு தரையில் உரசும். நம்மூரில் வீட்டு வாசலில் ஒரு ஆடு அடிபட்டால் போதும், மறுநாளே அங்கே ஒரு வேகத்தடை முளைத்துவிடும். அதற்கு வெள்ளைக்கோடு போடத்தான் நாதியிருக்காது. நான் ஒவ்வொன்றையும் கோணலாக ஏறிக் கோணலாக இறங்குவேன். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்தே என்னைக் கொன்றுவிடுவான்.

ஆனாலும் சூடேறிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது கைக்குள் ‘டக்’கென்று ஒரு சின்ன அதிர்வு வரும் பாருங்கள், அடடா! பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் காற்று மோத, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என் மனசு சும்மா இருக்கிற நேரம். இறங்கியதும் பழையபடி பரபரப்பு வந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் குடும்பத்திலேயே அந்தக் காரைப் பிடித்திருந்தது சாயல்குடி அத்தைக்கு மட்டும்தான். அப்பாவின் அக்கா. கண் ஆபரேஷனுக்கு ராமநாதபுரம் வந்தவளைத் திரும்ப அதில்தான் கொண்டுபோய் விட்டேன். காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, “ஏலே, இன்னுங் கொஞ்சம் வெரட்டுறா” என்று ஊர் வரைக்கும் குஷியாக வந்தாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் பேசினாலும் ஆகாது, பேசாவிட்டாலும் ஆகாது. தினம் காலையில் போன் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அப்பா போன பிறகு அந்தச் சண்டை இன்னும் நீண்டதே தவிரக் குறையவில்லை.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் அத்தை இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாமா இருக்கும்போதே முந்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்கமாட்டார்கள். பிறந்த வீட்டுப் பெண்கள் புதுப்புடவையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் உடம்பின் மேல் போர்த்த வேண்டும். போர்த்தாமல் எடுத்தால், நாதியற்றுப் போனாள் என்று ஊர் பேசும். அத்தைக்குப் பிறந்த வீடென்றால் நாங்கள்தான். கடை திறந்ததும், முட்டிவலியோடு அம்மாவே போய் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்து வந்தாள்.

பெண்களுக்கு வேன் பிடித்துக் கிளம்பவே மத்தியானமாகிவிட்டது. வேனில் கால் வைக்க இடமில்லை. புடவை கசங்கும் என்று தட்டோடு வாங்கி என் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டேன். “கேதத்துக்குச் செவப்புக் கார்லயா வருவ?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சரி, வேனுக்குப் பின்னாலயே வா. முந்திக்கிட்டுப் போயிராத.”

கீழக்கரை வரை பின்னாலேயே போனேன். வேன் ஊர்ந்தது. மூன்றாவது கியர் முக்கியது, இரண்டாவது உறுமியது. எனக்கு உடம்பெல்லாம் ஊறல் எடுத்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் முடியவில்லை, முந்திவிட்டேன்.

அத்தை வீட்டுத் தெருமுனையில் அவளுடைய மூத்த மகன், எனக்கு அத்தான், ஓடி வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாப்ள, கோடி வந்துருச்சு, சரி. பொம்பளையாளுக எங்க? நீயா போர்த்தப் போற?”

பிறந்த வீட்டுப் பெண்கள் வராமல் கோடி தெருவுக்குள் நுழையக்கூடாது. அதைத் தனியே விட்டுவிட்டு நானும் நுழையக்கூடாது. இத்தனை வேகமாக வந்து, காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பந்தலுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. அத்தை முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. வெயில் இறங்க ஆரம்பித்தும் வேனைக் காணோம். அதற்குள் என் மனைவியின் போன் வந்தது. ஏர்வாடி தாண்டி வேன் நின்றுவிட்டதாம், டிரைவர் அடியில் படுத்துக் கிடக்கிறானாம், வருகிற பஸ் எதுவும் நிற்கவில்லையாம். வேறு வண்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது எப்போது வருமோ தெரியாது.

“போய் ஒருத்தரயாச்சும் கூட்டிட்டு வாரேன்த்தான்.”

“பொழுது சாயுறவரைக்கும்தான் மாப்ள. அதுக்கு மேல பெரியாளுக நிக்க மாட்டாக.”

சாயல்குடியிலிருந்து வந்த வழியே திரும்பி விரட்டினேன். இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக ஓடியது. சும்மா சுற்றுவதற்கு வாங்கிய வண்டிக்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்திருந்தது. எனக்கோ பயம்.

வேன் ஓரமாக நின்றது. பெண்கள் கருவேல மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இருப்பது ஒரு சீட். என் மனைவி எழுந்து வந்தாள். நானும் அவளைத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் அம்மா பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“நான் போறேன்.”

“இந்த முட்டிய வச்சிக்கிட்டு அதுல எப்படி உக்காருவீக?” என்றாள் என் மனைவி.

“உசுரோட இருக்கையில அவகூடச் சண்ட போட்டது நானு. கோடியும் நான்தான் போடணும்.”

கூரையை மடக்கினேன். அம்மாவைத் திருப்பி நிறுத்தி, முதுகைக் கொடுத்து உட்கார வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தோம். “குழிக்குள்ள எறக்குற மாதிரி எறக்குறீங்களேடி” என்று அந்த நேரத்திலும் முனகினாள். தட்டை மடியில் வைத்தேன். கிளம்பினேன்.

அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் “முருகா” என்றாள். முட்டி வலிக்குமே என்று நான் அடக்கி ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் கண்ணைத் திறந்து, “என்னடா உருட்டுற? எங்கள விட்டுட்டு முந்திப் போகத் தெரிஞ்சுச்சுல்ல, இப்ப போடா” என்றாள். மூன்றாவது கியரில் மிதித்தேன். முந்தானை பறந்து என் முகத்தில் அடித்தது.

“அவ மொகம் எப்படி இருக்கு?”

“நான் இன்னும் பாக்கலம்மா.”

அவள் மடியிலிருந்த தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தெருமுனைக்கு வந்தபோது பொழுது பனைமர உச்சிக்கு வந்திருந்தது. கொட்டுச் சத்தம் மாறியிருந்தது. அத்தையைக் குளிப்பாட்டிப் பாடையில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஊரில் உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். நானும் அத்தானும் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினோம். இடுப்பு எழுந்தது, முட்டி வரவில்லை. மடக்கியபடியே பிடித்துக்கொண்டுவிட்டது. “விடுங்கடா, செத்தேன்” என்று அலறினாள். மறுபடியும் தூக்கினோம், மறுபடியும் அலறினாள். “நேரமாகுதுப்பா, எத்தன நேரம் வச்சிருக்கிறது?” என்று பந்தலிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல் என்று தெரியவில்லை. முட்டி மேலா, காரின் மேலா, அந்தப் பெரியவர் மேலா? ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன்.

“மாப்ள, என்ன பண்ற! கேத வீட்டுக்குள்ள காரையா விடுற?”

“நகருங்கத்தான்!”

முதல் கியரில், பாதிக் கிளச்சில், தெருவுக்குள் விட்டேன். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு வழிவிட்டார்கள். கொட்டடிக்கிறவர்கள் அடியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாடையை உரசுகிற மாதிரி நிறுத்தி இறங்கி, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

பாடை தரையில் இருந்தது. கார் சீட்டும் கிட்டத்தட்டத் தரைதானே. அம்மாவும் அத்தையும் ஒரே மட்டத்தில், எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் குனியத் தேவையில்லை, யாரும் எழுந்திருக்கத் தேவையில்லை. அம்மா பட்டைப் பிரித்தாள். கையை நீட்டி அத்தையின் தோளைச் சுற்றிப் போர்த்தி, நெஞ்சுப் பக்கம் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“மதினி, எந்திரிக்க முடியல. உக்காந்துக்கிட்டே போடுறேன். கோவிச்சுக்காத.”

நான் அப்போதுதான் அழுதேன். அத்தானும் காரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பாடையைத் தூக்க வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். வழியை மறித்துக்கொண்டு நிற்பது என் கார். திருப்ப இடமில்லாத குறுகல் தெரு. பின்னாலேயே எடுத்தாக வேண்டும். அம்மா பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு ஏறி, கியர்க் குமிழை அழுத்தி ரிவர்ஸில் போட்டேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினேன். எங்கள் முகத்துக்கு நேரே, நாலு பேர் தோளில், மாம்பழப் பட்டோடு அத்தை உட்கார்ந்து வந்தாள். பெண்கள் தெருமுனைவரைதான் போகலாம், அதற்கு மேல் போகக்கூடாது. தெருமுனை பின்னால் வந்துகொண்டே இருந்தது. கிளச்சில் என் இடதுகால் வெடவெடவென்று நடுங்கியது.

அம்மா என் தொடையில் கை வைத்தாள்.

“இன்னும் மெதுவாப் போடா. அவ மொகம் நல்லாத் தெரியுது.”