பொட்டு வைத்த டாலர்

பழைய நோட்டு வியாபாரி அப்பாவின் டாலர் நோட்டை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எண்பதுகளில், நல்லூரில் இருந்த எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த அமெரிக்க பையரும் இப்படித்தான் ஒவ்வொரு பனியனாகத் தூக்கிப் பார்த்தான். சிலவற்றில் மெஷின் எண்ணெய்க் கறை.

"தொவைச்சாப் போயிருமுங்க" என்று அப்பா தமிழிலேயே கெஞ்சினார். மொத்த சரக்கும் ரிஜெக்ட். போகும்போது, அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி, நீல முத்திரை போட்ட இந்தப் பழைய டாலரை அப்பா கையில் திணித்துவிட்டுப் போனான்.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அப்பா இதற்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எண்ணெயும் சந்தனமும் கலந்து மணக்கும். மெஷின்களெல்லாம் விற்றுப்போன பிறகு, பொட்டு வைக்க இது மட்டும்தான் இருந்தது. "பின்னால பெரிய வெலைக்குப் போகும் கண்ணு" என்பார்.

வியாபாரி நோட்டைத் திருப்பி நீட்டினார். "சுத்தமா இருந்திருந்தா நல்ல வெலை சொல்லியிருப்பனுங்க. இதுல கறை இருக்குதுங்களே. வெறும் ஒரு டாலர்தானுங்க."

"கறை இல்லீங்க, அது குங்குமமுங்க" என்றேன்.

அப்பா கெஞ்சிய அதே குரல்.