பில்லில் இருந்த பெல்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை காலை, குன்னூரில் தொடங்கியது இது. நான் வெலிங்டனில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். பென்ஷன் படிவமோ, பஸ் நேரமோ, பல் வலிக்கு எந்த டாக்டரோ, யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். அது சரியான பதில்தானா என்று நானே யோசித்ததில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் என் பழைய காரை விற்றிருந்தேன். வாங்கியவர் கூடலூர்க்காரர், மிளகு வியாபாரி. தமிழும் மலையாளமுமாகப் பேசுவார், என்னை 'சேச்சி' என்றுதான் கூப்பிடுவார். பத்து வருடமாக ஒரே கை, அதுவும் பெண் ஓட்டிய வண்டி என்று நான் அளந்ததற்கெல்லாம் தலையாட்டியவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார். டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டதா? என் காது 'பெல்ட்' என்பதை மட்டும் வாங்கிக்கொண்டது. மாற்றியாச்சு என்று சொன்னதோடு நிற்காமல், உள்ளே போய் ஒர்க்‌ஷாப் பில்லையும் எடுத்துவந்து நீட்டினேன். 'பெல்ட் மாற்றியது' என்று அதில் எழுதியிருந்தது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது மழை வலுத்துவிட்டதால், எங்கள் மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் ஒதுங்கினேன். வண்டி விற்ற கதையைச் சொல்லி, நீங்கள் பெல்ட் மாற்றிக் கொடுத்ததால்தான் டக்கென்று போயிற்று என்றேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் மாத்துனது வெளிய ஓடுற பெல்ட்டுங்க. டைமிங் பெல்ட்டு உள்ள, கவருக்குள்ள இருக்குது. அதை நான் தொடவே இல்லைங்க."

வண்டி அதிகம் ஓடவில்லையே என்றேன். கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் போதாது, வருஷமும் பார்க்க வேண்டும், சும்மா நின்றாலும் ரப்பர் வெடிக்கும் என்றார். அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இன்ஜின் அப்படியே நின்றுவிடும், உள்ளே வால்வுகள் வளைந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, மலை இறக்கத்தில் நின்றால் ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிடும், இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக்கும் இறுகிவிடும் என்றார்.

மச்சினன் கல்யாணத்துக்காக மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி நிலம்பூர் போகப்போவதாக வண்டி வாங்கியவர் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் கல்யாணம்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அதே பெண் குரல். பிள்ளைகள் காருக்குள் உட்கார்ந்திருக்கும் படத்தை அவர் மனைவி எனக்கு அனுப்பியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த எண்ணுக்கு அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். நாடுகாணியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறோம், இனி இறக்கம்தான் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, போனைக் கணவரிடம் கொடுத்தார்.

"அந்த பில்லு வேற பெல்ட்டுதுங்க. நான் தெரியாமச் சொல்லிப்போட்டேன். கீழ எறங்காதீங்க" என்றேன். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கேட்டது. லைன் போய்விட்டது. அதன்பின் இரண்டு எண்களும் கிடைக்கவில்லை.

நான் கேட்பதற்கு முன்பே மெக்கானிக் ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கிவிட்டார். அவருடைய வேனில் கிளம்பினோம். ஊட்டியில் புது பெல்ட் வாங்கிக்கொண்டு, பைக்காரா தாண்டி, கொட்டும் மழையில் மூன்று மணி நேரம். நான் சொன்னது அந்த வியாபாரியின் காதில் விழுந்ததா, இல்லையா? எதிரே வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸும் அவர்களுக்காகத்தான் என்று தோன்றியது. நடுவில் ஒரு கணம், பில்லில் வெறும் 'பெல்ட்' என்றுதானே இருக்கிறது, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று மனம் வக்கீல் வேலை பார்த்தது. அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நாடுகாணி டீக்கடை முன்னால் என் பழைய கார் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் வேனுக்குள்ளேயே அழுதுவிட்டேன். மனைவி, பிள்ளைகளை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போனில் அவருக்குக் கேட்டது 'கீழ எறங்காதீங்க' என்பது மட்டும்தானாம். ஏன் என்று தெரியாமலே, நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக நின்றுவிட்டார். அங்கே கல்யாணம் முடிந்திருக்கும்.

மெக்கானிக் கவரைக் கழற்றினார். பெல்ட்டின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு, ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. உட்பக்கம் இரண்டு பற்கள் இல்லவே இல்லை. வளைத்துக் காட்டியபோது வெடிப்புகள் வாயைத் திறந்தன. இது அந்த இறக்கம் முழுக்கத் தாங்கியிருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். புதியதை மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

நான் அந்த வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, ஏதோ ஊர்க்கதை பேசுகிற மாதிரி சொன்னார்.

"நான் வேற ஒரு வண்டியும் பாத்தேன் சேச்சி. நல்ல வண்டியாக்கும். டைமிங் பெல்ட் பத்தி எனக்குத் தெரியாது, மெக்கானிக்கை வச்சுப் பாத்துக்கோங்கன்னு அந்த ஆள் சொன்னாரு. ஒண்ணும் தெரியாத ஆள்கிட்ட எதுக்கு வாங்கணும்னு விட்டுட்டு, உங்ககிட்ட வந்தேன்."

அவர் திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன். 'எனக்குத் தெரியாதுங்க' என்று ஒருவரிடம் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், விற்காத வண்டியோடு நின்ற அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.